ஒரே பெயர், இரண்டு ஆள்: உங்கள் வினாடி வினா குழப்பத்துக்கு

நீங்கள் தயாரிக்கும் வினாடி வினாவுக்காகத் தகவல் தேடும்போது, 1626இல் இறந்த பிரான்சிஸ் பேக்கன் 1944இல் எப்படி ஓவியம் வரைந்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு தகவலும் சரிதான், ஆள்தான் வேறு. தத்துவஞானி 1561இல் பிறந்தவர். ஓவியர் 1909இல் டப்ளினில் பிறந்து 1992இல் மாட்ரிட்டில் இறந்தவர். கேள்வியில் துறையையோ பிறந்த ஆண்டையோ சேர்த்துவிடுங்கள், சிக்கல் தீர்ந்தது.

ஆனால் துறையை மட்டும் நம்பினால் சில இடங்களில் மாட்டிக்கொள்வீர்கள். வின்ஸ்டன் சர்ச்சில் என்று அமெரிக்க நாவலாசிரியர் ஒருவர் இருந்தார். 1899இல் அவர்தான் பிரபலம். பிற்காலப் பிரிட்டிஷ் பிரதமர் அப்போது வளர்ந்துவரும் இளைஞர், அவரும் எழுதுகிறவர். குழப்பம் வரக் கூடாதென்று அவரே அமெரிக்கருக்குக் கடிதம் எழுதி, இனி தன் நூல்களில் 'ஸ்பென்சர்' என்பதையும் சேர்த்துக் கையெழுத்திடுவதாகச் சொன்னார். 1953இல் இலக்கிய நோபல் வாங்கியது இவர்தான், நாவலாசிரியர் அல்ல. வினாடி வினாவுக்கு அருமையான கேள்வி இது!

அப்புறம், நடு எழுத்தைத் தூக்கி எறியாதீர்கள். கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனிடமிருந்து இயந்திரக் கற்றல் அறிஞரைப் பிரித்துக் காட்டுவதே மைக்கேல் ஐ. ஜோர்டன் என்பதிலுள்ள அந்த 'ஐ'தான்.

ஸ்டீவ் மெக்வீன் பற்றிக் கேள்வி வைத்தால் அதையும் ஒருமுறை பாருங்கள், அந்தப் பெயரிலும் இருவர். நடிகர் 1980இலேயே இறந்துவிட்டார். 1999இல் பிரிட்டனின் கலை விருதான டர்னர் பரிசு பெற்றவர், பிறகு திரைப்பட இயக்குநரான பிரிட்டிஷ் கலைஞர். இருவருமே சினிமாக்காரர்கள் என்பதால், இங்கே ஆண்டு போடாமல் கேட்கவே கேட்காதீர்கள்.