டெலிகாம் வக்கீல் லாபியிஸ்ட் ஆகலாமா?

கே: அமெரிக்காவில் தொலைத்தொடர்பு வக்கீல்கள் பிற்பாடு அரசியல் லாபியிஸ்ட் (சட்டம், கொள்கை தங்களுக்குச் சாதகமாக அமைய, கம்பெனிகளுக்காக அரசியல்வாதிகளிடம் பேசுபவர்) ஆகிறார்களாமே, இங்கே அதற்கு வழி உண்டா?
– சட்ட மாணவர், தண்டையார்பேட்டை

ப: அங்கே 1995-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்துகொண்டு, யாருக்காக, எந்த மசோதா பற்றிப் பேசினோம் என்று மூன்று மாதத்துக்கொரு முறை அறிக்கை தர வேண்டும். இங்கே அப்படிப் பதிவே கிடையாது. அந்த வேலை கம்பெனிகளில் 'ரெகுலேட்டரி அஃபேர்ஸ்' (அரசு விதிமுறை விவகாரங்கள்) என்ற பெயரில் நடக்கிறது. முழுநேரச் சம்பளத்துக்குச் சேர்ந்தால், பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து வக்கீல் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். கோட்டைவிடக் கூடாத இடம் இது!

பாரிமுனை ஹைகோர்ட்டில் தொழில் பழகலாம். ஆனால் டெலிகாம் கம்பெனிகளின் உரிமக் கட்டணத் தகராறுகள் போவது டெல்லியில் உள்ள டிடிசாட் என்ற தொலைத்தொடர்புத் தகராறு தீர்ப்பாயத்துக்கு. இப்போதே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கலந்தாய்வு அறிக்கைகளைப் படியுங்கள். யார் வேண்டுமானாலும் கருத்து அனுப்பலாம். கேள்வி எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, சட்டப்பிரிவோடு எழுதுங்கள். பொத்தாம்பொதுவான புலம்பல் எடுபடாது. அடுத்து, மற்றவர்கள் அனுப்பியதற்கு எதிர்க்கருத்தும் எழுதலாம். அதை விட்டுவிடாதீர்கள்.