வாசகர் கேள்வி: பெயரில்லாத திரைகள்

கேள்வி: யப்பானிய மடிப்புத் திரைகள் பற்றிய படநூல் ஒன்றைப் பார்த்தேன். பல படங்களின் கீழே ‘ஓவியர் பெயர் தெரியவில்லை’ என்றிருக்கிறது. அவ்வளவு பெரிய ஓவியத்தைத் தீட்டியவர் தம் பெயரை எழுதாமல் விட்டது ஏன்? – ஓர் ஆசிரியை, கோண்டாவில்.

பதில்: ‘தீட்டியவர்’ என்று ஒருவரைக் குறித்துக் கேட்டிருக்கிறீர்கள்; சிக்கல் அங்கேயே தொடங்குகிறது. ‘பியோபு’ என்னும் இத்திரை (காற்றைத் தடுப்பது என்று பொருள்) ஒருவரின் கைவேலையன்று. மரச்சட்டகத்தை ஒருவர் இணைக்க, அதன்மேல் பல படை கடதாசியை இன்னொருவர் ஒட்ட, பொன்னை மெல்லிய தாளாக அடிப்பவர், அரக்குப் பூசிய விளிம்பைப் பொருத்துபவர், உலோகப் பூண் செய்பவர் எனப் பலர் உழைத்தனர். ஓவியக்கூடத்திலும் தலைவர் அமைத்த வரைவுக்கு மாணவர்கள் வண்ணமிட்டனர். எங்கள் கோயில் தேர்களுக்கும் ஆச்சாரியார் ஒருவரின் பெயரைத்தான் சொல்கிறோம். யாளியைச் செதுக்கியவரை யார் கேட்கிறோம்?

ஒட்டுவேலையைச் சிறிதென எண்ணவேண்டாம். முன்பு தனித்தனி விளிம்புடைய பலகைகளைத் தோலாலோ பட்டாலோ ஆன கயிற்றால் பிணைத்தனர். 14ஆம் நூற்றாண்டளவில் கடதாசிக் கீல் வந்த பின்னரே, ஆறு மடிப்புகளிலும் ஒரே காட்சி இடையறாது ஓட முடிந்தது. அந்த அழகில் பாதி ஒட்டியவருக்கே உரியது என்பது என் எண்ணம்.

பிரபுவின் மாளிகைக்கென வரையும்போது பெயர் பொறிப்பது பணிவன்று என்ற வழக்கமும் இருந்தது. விற்பனைக்கென வரைந்த நகர ஓவியர்களோ கடை முத்திரையோடு நின்றனர். கியோத்தோவில் ஓவியர் சோத்தாட்சு நடத்திய தவராயா பட்டறையின் ‘இனென்’ வட்ட முத்திரை, அவருக்குப் பின் வந்தோரின் படைப்புகளிலும் காணப்படுகிறது. எனவே முத்திரை இருந்தாலும் ஆள் இன்னாரென்று சொல்லிவிட முடியாது. விலையை உயர்த்தப் பின்னாளில் புகழ்பெற்றோரின் முத்திரையைக் குத்தியதும் உண்டு. அப்படிப்பட்ட திரையைவிடப் பெயரற்ற திரையையே நான் நம்புவேன்.

பெயரின்மை மதிப்பைக் குறைக்கவுமில்லை. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த ‘ஹிகொனே திரை’ தேசியப் பொக்கிஷம். அதனை வரைந்தவர் இன்றுவரை அறியப்படவில்லை. ஆடைகள் கொடியில் தொங்க, ஆளே இல்லாத திரைகளும் உண்டு. அவற்றின் பெயர் ‘தகசோதே’, அதாவது ‘யாருடைய சட்டைக்கை?’ பெரும்பாலும் வரைந்தவரும் தெரியாததால், கேள்வி இரட்டிப்பாகிறது.

கேள்வி: இத்திரைகளில் போர்த்துக்கேயரையும் காணலாமாமே? யாழ்ப்பாணத்தை ஆண்டவர்களா? – வாசகர், சுன்னாகம்.

பதில்: அதே நாட்டவர்தாம். 1543இல் யப்பானை அடைந்தனர். 1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். 1639இல் யப்பானிலிருந்து வெளியேற்றப்பட்டனர். கோவாவிலிருந்து மலாக்கா, மக்காவு வழியே நாகசாக்கி சென்ற அவர்களின் கப்பல்களும், ஊதிப் பருத்த காற்சட்டைகளும், நீண்ட மூக்குகளும் ‘நன்பான்’ (தென்திசை அந்நியர் என்று பொருள்) திரைகளில் வேடிக்கையாகத் தீட்டப்பட்டுள்ளன. கனோ நைசென் போன்ற சிலரே பெயர் பதித்தனர். ஏனையவை பெரும்பாலும் பெயரற்றவை. எங்களிடம் அலுமாரியையும் கதிரையையும் சப்பாத்தையும் விட்டுச்சென்றவர்கள், யப்பானியரிடமிருந்து அந்தத் திரையையும் அதன் பெயரையும் எடுத்துச் சென்றனர்: போர்த்துக்கேய மொழியில் மடிப்புத் திரை இன்றும் ‘பியோம்பு’தான்.