உமித்தூள் கலந்த தட்டில் கொப்புளமும் விரிசலும்

ஐயா, வணக்கம். காரைக்குடியில் உமித்தூளை 40 சதவீத அளவில் பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்குடன் கலந்து வார்த்த தட்டுகளில் கொப்புளம் எழுவதாகவும், கீழே விழுந்தால் விளிம்பு உடைவதாகவும் எழுதியிருந்தீர்கள். இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள்.

கொப்புளத்துக்குப் பெரும்பாலும் ஈரமே காரணம். வளவில் இரண்டு நாள் வெயிலில் காய்ந்த உமி, கையில் அள்ளினால் சலசலவென்று இருந்தாலும், உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். உருகிய பிளாஸ்டிக்கின் சூட்டில் அது ஆவியாகி, வெளியேற வழியின்றிக் குமிழாகிறது. அரைத்த தூளை 105 டிகிரி செல்சியஸில், எடை குறைவது நிற்கும்வரை உலர்த்தி, காற்றுப் புகாத கலத்தில் மூடி வையுங்கள். ஐப்பசி மழையில் ஓர் இரவு திறந்து கிடந்தாலே பட்ட பாடு வீணாகிவிடும். உருக்கும் வெப்பம் 200 டிகிரியைத் தாண்ட வேண்டாம்; தாண்டினால் உமியே கருகத் தொடங்கும்.

உடைந்த விளிம்பை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். துணுக்குகள் பெயர்ந்துபோன வழவழப்பான குழிகள் தெரிந்தால், நீரை ஈர்க்கும் உமியும் நீரை ஒதுக்கும் பிளாஸ்டிக்கும் ஒட்டவில்லை என்று பொருள். இரண்டையும் ஒட்டவைக்கும் பொருளான மலெயிக் அன்ஹைட்ரைடு பிணைத்த பாலிபுரொப்பிலீனை 3 முதல் 5 சதவீதம் சேர்த்து, உமியை 30 சதவீதமாகக் குறைத்து வார்த்துப் பாருங்கள். உமியில் சிலிக்கா மிகுதி என்பதால் இயந்திரத்தின் திருகு விரைவில் தேயும்; அதையும் கவனியுங்கள்.

அட்டையில் ‘மட்கும் தட்டு’ என்று அச்சிடப்போவதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து வேண்டாம்: உமி மட்கினாலும் பாலிபுரொப்பிலீன் மட்காது.