வாசகர் கேள்வி: சீனியர் போனதும் படுத்துவிடும் தண்ணீர்த் திட்டம்

கேள்வி: வசதி குறைந்த ஊர்களுக்குத் தண்ணீர் சுத்திகரிப்பு வடிவமைக்கும் குழு ஒன்றைப் பல்கலைக்கழகத்தில் நடத்துகிறோம். சீனியர்கள் பட்டம் வாங்கிப் போனதும் படுத்துவிடுகிறது. எப்படி வளர்ப்பது, ஐயா?
– மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: கிளப்பாக நடத்தினால் அப்படித்தான் ஆகும், தங்கச்சி. பாடமாக்கி மதிப்பெண் கேளுங்கள். முதலாண்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செய்யும் பரிசோதனையை எல்லாம் எழுதி வையுங்கள், எழுதாமல் விட்டது சீனியரோடு போய்விடும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2005-ல் தொடங்கிய அகுவாகிளாரா திட்டத்தைப் பாருங்கள். மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸின் ஊர்களுக்காக, மின்சாரமே இல்லாமல் புவியீர்ப்பில் ஓடும் நிலையங்களை மாணவர்கள் வடிவமைத்தார்கள்: கலங்கல் நீரில் படிகாரம் போன்ற மருந்தைக் கலந்து, தடுப்புகளுக்கிடையே வளைந்து வளைந்து ஓடவிட்டால் அழுக்கு திரண்டு அடியில் தங்கும், அப்புறம் மணல் வடிகட்டி, குளோரின். கட்டுவதை அங்குள்ள தொண்டு நிறுவனம் பார்த்துக்கொண்டது, நடத்துவது ஊர்க்காரர்கள், செலவுக்கு வீட்டுக்கு வீடு கட்டணம். உங்கள் ஆட்கள் இந்தக் கட்டணப் பேச்சைத்தான் தள்ளிப்போடுவார்கள், விடாதீர்கள்.

சரி, ஹோண்டுராஸ் தூரம். அடைமழைக்கு மறுநாள் தோட்டத்து ஆற்றில் தே ஓ (பால் விடாத தேநீர்) நிறத்தில் வரும் தண்ணீரை ஆறு ஜாடிகளில் பிடித்து, ஒவ்வொன்றிலும் படிகார அளவை மாற்றிக் கலக்கிப் பாருங்கள். எது சீக்கிரம் தெளிகிறதோ, அந்த அளவிலிருந்து கணக்கைத் தொடங்கலாம்.