முட்டு ஆபரேஷனுக்கு எடை தடையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

முட்டு ஆபரேஷன், அதாவது தேய்ந்த முழங்கால் மூட்டுக்குப் பதில் செயற்கை மூட்டு வைப்பது பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் எடையைப் பற்றியவை. பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

அம்மாவுக்கு 62 வயது. உயரம் 150 செ.மீ., எடை 92 கிலோ. இரண்டு முட்டும் தேய்ந்துவிட்டது. "எடையைக் குறைத்துவிட்டு வாங்க" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். நடக்கவே முடியாதவர் எப்படிக் குறைப்பார்? (அம்பாசமுத்திரம்)

நியாயமான கேள்வி. அம்மாவின் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 41-ஐ ஒட்டி வருகிறது. 40-ஐத் தாண்டியவர்களுக்கு ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதை யோசிக்கலாம் என்று அமெரிக்க மூட்டு மாற்று நிபுணர்கள் சங்கம் 2013-ல் சொன்னது. பல இடங்களில் அதுவே எழுதாத சட்டமாகிவிட்டது. அதே சங்கம் 2023-ல் வாத நோய் நிபுணர்களோடு சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே வரவேண்டும் என்பதற்காக மட்டும் தள்ளிப்போட வேண்டாம் என்கிறது. என் கருத்தும் அதுதான். அம்மாவின் உயரத்துக்கு 40 என்பது 90 கிலோ. 91 கிலோ என்றால் ஆபத்து, 89 கிலோ என்றால் பத்திரம் என்று உடம்பு கோடு போட்டு வைத்திருக்கவில்லை.

ஆனால் உங்கள் டாக்டரின் பயமும் பொய்யில்லை. கொழுப்புத் திசுவில் ரத்த ஓட்டம் குறைவு. தையல் போட்ட இடம் ஆறத் தாமதமாகும், நீர் கசியும், கிருமி உள்ளே இறங்கும். செயற்கை மூட்டில் கிருமி ஒட்டிக்கொண்டால் மாத்திரைக்கு மட்டும் அடங்காது. திரும்பத் திறந்து கழுவ வேண்டும். சிலருக்கு மூட்டையே கழற்றிவிட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து வேறு வைக்க வேண்டும். இன்னொரு பக்கம், ஆபரேஷனால் வலி குறைவது குண்டானவர்களுக்கும் மற்றவர்களைப் போலவேதான்.

அதனால் டாக்டரிடம் திரும்பப் போங்கள். எத்தனை கிலோ, எத்தனை மாதத்தில், யார் உதவியோடு என்று கேளுங்கள். வெறும் "குறைத்துவிட்டு வாங்க" சிகிச்சை ஆகாது. சர்க்கரை இருந்தால் மூன்று மாதச் சராசரி (HbA1c ரத்தப் பரிசோதனை) எவ்வளவு என்று பாருங்கள். 8-க்குக் கீழே வருவது எடைக்கு நிகரான முக்கியம். ராத்திரி பலமாகக் குறட்டை விடுவார், இடையில் மூச்சு நின்று நின்று வரும் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது தெரிய வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டிப் பிடிக்கும் பயிற்சிக்கு நடக்கத் தேவையில்லை. தொடைத் தசை வலுவானால் ஆபரேஷனுக்குப் பின் எழுந்து நடப்பது எளிது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி பிசியோதெரபி பிரிவில் கற்றுக்கொள்ளலாம்.

ஆபரேஷனுக்கு ஒரு மாதம் இருக்கிறது. கஞ்சி மட்டும் குடித்து எட்டு கிலோ குறைக்கலாமா? (பாளையங்கோட்டை)

வேண்டவே வேண்டாம். கொழுப்போடு தசையும் கரையும், புரதம் குறைந்தால் புண் ஆறாது. முட்டை, மீன், பயறு, உளுந்து இவற்றைக் கூட்டி, சோற்றைக் குறையுங்கள். அல்வாவைப் பற்றித் திருநெல்வேலிக்காரரிடம் நான் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன.

பீடி சுற்றுகிறேன், நாள் முழுக்கத் தரையில்தான் உட்கார்வேன். 78 கிலோ. முட்டு வலிக்கிறது, இன்னும் ஆபரேஷன் அளவுக்கு இல்லை என்றார்கள். (முக்கூடல்)

எடை குறைப்பது அதிகப் பலன் தருவது உங்களைப் போன்றவர்களுக்குத்தான். ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முட்டின் மேல் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் ஊர்ப் பெண்களிடம் நடந்த ஆய்வில், ஐந்து கிலோ அளவுக்குக் குறைத்தவர்களுக்கு வலியோடு கூடிய முட்டுத் தேய்மானம் வரும் வாய்ப்பு பாதியாகக் குறைந்திருந்தது. ஐந்து கிலோதான், எட்டாத கணக்கு இல்லை.

தரையை விட்டு நாற்காலிக்கு மாறுங்கள். சுளகை மடியிலோ சின்ன மேசையிலோ வைத்துக்கொள்ளலாம். கை வேகம் முதலில் குறையும், கூலியில் கொஞ்சம் அடிபடும், தெரியும். முழு நாளும் முடியாவிட்டால் பாதி நாளாவது. நடுநடுவே எழுந்து நாலு எட்டு நடந்துவிட்டு வாருங்கள்.

ஆபரேஷன் முடிந்தால் நடந்து நடந்து எடை தானாக இறங்கிவிடும்தானே? (தென்காசி)

பெரும்பாலும் இறங்காது. வலி போனாலும் சாப்பாடு பழையபடியே இருக்கும்.

எடை அதிகம்தான். ஒரே நாளில் இரண்டு காலுக்கும் செய்துவிடலாமா? ரோபோ வைத்துச் செய்தால் ஆபத்து குறையுமா? (வீரவநல்லூர்)

தனித்தனியாகச் செய்வதே நல்லது. ஒரே நாளில் இரண்டு என்றால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சுமை கூடும். எலும்பைத் துல்லியமாக வெட்ட ரோபோ உதவும். புண் ஆறுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எடை குறைக்கும் ஊசி முட்டுக்கு நல்லதாமே? (வள்ளியூர்)

2024-ல் வந்த ஓர் ஆய்வில், அதிக எடையும் முட்டுத் தேய்மானமும் உள்ளவர்கள் வாரம் ஒரு செமாக்ளுடைட் ஊசி வீதம் 68 வாரம் போட்டுக்கொண்டார்கள். எடை சராசரியாக 13.7 சதவீதம் குறைந்தது, வலியும் நன்றாகவே குறைந்தது. விலை அதிகம், குமட்டல் வரலாம், நிறுத்தினால் எடை திரும்பும். டாக்டர் பார்த்துத்தான் தொடங்க வேண்டும். இது போட்டுக்கொண்டிருக்கும்போது ஆபரேஷன் என்றால் மயக்க டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரைப்பை காலியாக நேரம் பிடிக்கும் என்பதால், எப்போது நிறுத்துவது, எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் இருப்பது என்று அவர்தான் சொல்ல வேண்டும்.