ஹார்மோனைக் குலைக்கும் மாசு, கடல் நத்தைகளின் மரபணுக்களை என்ன செய்கிறது?

உடலின் ஹார்மோன் போல நடித்து, வேண்டாத நேரத்தில் மரபணுக்களை வேலை செய்ய வைக்கும் ரசாயனங்கள்தான் இந்த மாசு. தெளிவான உதாரணம் டிபிடி (ட்ரைபியூட்டைல்டின்) என்ற தகரச் சேர்மம். கப்பலின் அடியில் பாசியும் கொட்டலசு என்ற சிறு ஓட்டுயிரியும் ஒட்டாமலிருக்கப் பூசிய பெயின்ட்டில் இருந்தது.

இங்கிலாந்தின் பிளிமத் கடற்கரையில், 1970 வாக்கில், டாக்வெல்க் என்ற பாறை நத்தையின் பெண்களுக்கு ஆண்குறி முளைத்திருப்பதைக் கவனித்தார்கள். பாதிப்பு முற்றினால் முட்டை வெளியேறும் குழாய் அடைபடும். முட்டைகள் உள்ளேயே தேங்கி நத்தை செத்தும் போகும். காரணம் டிபிடிதான். கடல்நீரில் லிட்டருக்குச் சில நானோகிராம், அதாவது கிராமில் நூறு கோடியில் சில பங்கு, இருந்தாலே போதும் என்பதுதான் கொடுமை.

செல்லுக்குள் ஆர்எக்ஸ்ஆர் என்றொரு புரதம் உண்டு. டிபிடி அதில் கள்ளச்சாவி போலப் பொருந்தி, ஆண் உறுப்பை வளர்க்கும் மரபணுக்களைத் திறந்துவிடுகிறது. 2008-இல் டிபிடி பெயின்ட்டுக்குச் சர்வதேசத் தடை அமலுக்கு வந்தது. பல கடற்கரைகளில் நத்தைகள் மீண்டும் பெருகியிருக்கின்றன.

பலர் நினைப்பது போல மரபணுவே மாறிவிடுவதில்லை. அது இயங்கும் நேரமும் அளவும்தான் தப்பிப்போகின்றன.