குச்சிப்பூச்சி: நீங்கள் கேட்டவை

மடகஸ்கார் தீவின் அக்ரியோப்டெரா என்ற பேரினத்துக் குச்சிப்பூச்சிகளின், அதிலும் பளீர் நீலமான ஒன்றின், படங்களைப் போட்டதிலிருந்து கேள்விகள் குவிகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விசுவமடு மாணவி: அண்ணை, அந்த நீலம் உண்மையா, படத்தில் ஏற்றியதா?

உண்மைதான் தங்கச்சி. ஆணுக்கு மட்டும்தான் அது. குஞ்சாக இருக்கும்வரை ஆணும் மங்கலாகத்தான் திரியும், கடைசித் தோலுரிப்பு முடிந்து முழு ஆணாகும்போதுதான் பளீரென்று நீலம் ஏறும். பெண் கடைசிவரை பழுப்புத்தான். இந்த நீல இனத்துக்கு மங்கா என்று பெயர். மரோலோகோ என்ற இன்னொன்றோடு சேர்த்து 2019 இல்தான் மரபணுவையும் பார்த்து இவற்றைத் தனி இனங்களாக விவரித்தார்கள். மரோலோகோவின் பெண் 24 சென்ரிமீற்றர் வரை நீளும், அடிமட்டத்தை எடுத்து ஒருமுறை அளந்து பாருங்கள்!

கிளிநொச்சி ஆசிரியர்: ஒளிந்து வாழும் பூச்சிக்கு இவ்வளவு நிறம் எதற்கு?

நல்ல கேள்வி சேர். பெண்ணைத் தேடி அலையும் ஆண் எப்படியும் கண்ணில் படும், அதனால் 'என்னைத் தின்னாதே' என்று எதிரிக்குச் சொல்லும் எச்சரிக்கையாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து, பெண்ணைக் கவர்வதற்கு என்பது இன்னொன்று. எனக்கு முதலாவதே பொருத்தமாகப் படுகிறது.

மாங்குளம்: எங்கள் கொய்யாவில் பச்சைக் குச்சி மாதிரி ஒன்று நிற்கிறது. கடிக்குமா? மருந்து அடிக்கவா?

தயவுசெய்து அடிக்க வேண்டாம். அது கடிக்காது, கொட்டாது, இலைதான் தின்னும், ஒரு பூச்சி தின்று கொய்யா பட்டுப்போகாது. பகலில் அது அசையாமல் நிற்கும்போது கிட்டப் போய்ப் பாருங்கள், முன்கால் இரண்டையும் நேரே நீட்டி வைத்திருக்கும், அந்தக் கால்கள் உடம்போடு சேரும் இடத்துக்குக் கிட்ட உள்வளைவு ஒன்று இருக்கிறது, தலை அதற்குள் அளவாகப் பொருந்திவிடுவதால் தலை எது கால் எது என்றே தெரியாது. எனக்கு மடகஸ்கார் நீலத்தைவிட இதுதான் பெரிய அதிசயம். காலைப் பிடித்து மட்டும் இழுக்காதீர்கள், கழன்றுவிடும். குஞ்சென்றால் அடுத்தடுத்த தோலுரிப்புகளில் திரும்ப முளைக்கும், வளர்ந்ததற்கு முளைக்காது. அப்புறம், மரத்தடியில் சின்ன மூடி வைத்த விதை போல ஏதும் கிடந்தால் கூட்டித் தள்ள வேண்டாம், அது முட்டையாக இருக்கலாம்.

நெடுங்கேணி: நீலப்பூச்சியின் முட்டை வாங்கி இங்கே வளர்க்கலாமா?

வேண்டாம். ஐரோப்பாவில் பிளாக்பெரி முட்செடியின் இலை கொடுத்து வளர்க்கிறார்கள், சரி. ஆனால் இலை தின்னும் வெளிநாட்டுப் பூச்சி ஒன்று நம் காட்டுக்குள் தப்பினால் பிறகு யார் பிடிப்பது? உங்கள் வேலியில் நிற்பதைப் படமெடுங்கள், எந்த மரம், எந்த ஊர், திகதி மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.